உப்பு பூத்த வீடு: ஆசிட்டும் பட்டியும் போதுமா?

கடிதம் எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீளமான கடிதம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைப் போட்டு, சொந்த மனையில் நான்கு வருடங்களுக்கு முன் வீடு கட்டினார். கட்டிக்கொடுத்தவர் தூரத்து உறவுக்காரரான ஒப்பந்ததாரர். வேலை முழுக்க மனையிலேயே போட்ட போர் தண்ணீரில்தான் நடந்தது. அந்தத் தண்ணீர் “வாயில் வைக்க முடியாத உப்பு” என்கிறார். குடியேறி இரண்டு வருடம் ஆகும்போது போர்ட்டிகோ கூரையின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. இன்றைக்கு அது விரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாகத் தொங்குகிறது. அதிலிருந்து விழுந்த சொட்டுகள் மருமகனின் கார்மேல் வெள்ளைப் பொட்டுகளாகப் படிந்துவிட்டன. துடைத்தும் போகவில்லை.

இதற்கிடையே தெருச் சாலையை உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளமாகி, மழைத்தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. போன வருடம் சவுடு மண் அடித்து முற்றத்தை ஒன்றரை அடி உயர்த்தி, பேவர் கல் பதித்தார். பதித்த சில வாரங்களில் கல்லெல்லாம் வெள்ளை படர்ந்தது. அதன்பின் வந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஹாலிலும் படுக்கையறையிலும் சுவரின் கீழ்ப்பகுதி பொரிய ஆரம்பித்தது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பெயின்ட் உரிந்து, பஞ்சு போன்ற வெள்ளைத் தூள் உதிர்கிறது.

ஒப்பந்ததாரர், “உப்புக்காற்று அக்கா, இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு” என்கிறார். ஒரு பெயின்டர், எல்லா இடத்தையும் ஆசிட் ஊற்றிக் கழுவி, பட்டி பார்த்து, ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) தாங்கும் பெயின்ட் அடித்துத்தர 90,000 ரூபாய் கேட்கிறார். அவரை வைத்துப் போர்ட்டிகோவில் ஒருமுறை ஆசிட் தேய்த்தும் பார்த்தாயிற்று. இரண்டு மாதத்தில் வெள்ளை திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோ, “கம்பியெல்லாம் போயிருக்கும், இடித்துக் கட்டுவதுதான் வழி” என்று பயமுறுத்துகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், ஐந்து வருடத்துக்குக் கட்டினவர்தான் பொறுப்பு என்று சட்டம் இருப்பதாகச் சொல்லி வழக்குப் போடச் சொல்கிறார். வீடு நிற்குமா, ஆசிட் வேலைக்குச் சம்மதிக்கலாமா, உறவை முறித்துக்கொண்டாவது வழக்குக்குப் போக வேண்டுமா என்று மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள அம்மாவுக்கு,

“ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் வீடு விழும் நிலையில் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. கம்பி துருப்பிடித்தால் வரும் பழுப்புக் கறையோ, கம்பி ஓடும் திசையிலேயே நீளும் விரிசலோ, கான்கிரீட் சில்லு பெயர்ந்த இடமோ அவற்றில் தெரியவில்லை. வெள்ளையாகப் பூப்பதால் மட்டும் எந்த வீடும் விழுவதில்லை. படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாத ஒரு விஷயமும் உண்டு. அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

பெயின்டருக்கு இப்போது சம்மதம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் பூத்திருப்பது மூன்று வேறு வேறு வெள்ளை. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. மூன்றையும் ஒரே ஆசிட்டில் கழுவி ஒரே பட்டியில் மூடினால், அடுத்த தை மாதத்துக்குள் அந்த 90,000 ரூபாயும் தூளாக உதிர்ந்துவிடும்.

உப்பு தானாக நடந்து வராது. தண்ணீர் அதைக் கரைத்து, சுமந்து, மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, காற்றில் ஆவியாகும்போது விட்டுவிட்டுப் போகிறது. அதனால் வெள்ளை தெரியும் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே வந்த தண்ணீர் எது, எந்த வழியாக வந்தது?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

போர்ட்டிகோ, பேவர் கல், சுவர் மூன்றிலிருந்தும் கொஞ்சம் வெள்ளையைத் தனித்தனிக் காகிதத்தில் சுரண்டி எடுங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் குடிநீர் ஊற்றி (போர் தண்ணீர் கூடாது) ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். கரைந்து காணாமல் போனால் அது தண்ணீரில் கரையும் உப்பு: சோடியம் சல்பேட், சாதாரண உப்பு போன்றவை. கரையாமல் அடியில் தங்கினால், உலர்ந்த தூளின்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். கரையவும் இல்லை, நுரைக்கவும் இல்லை, மொசுமொசுவென்று இருந்து பூசண வாடையும் அடித்தால் அது பூஞ்சணம், உப்பே அல்ல. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

உங்கள் போர்ட்டிகோ வெள்ளை நுரைக்கும், சுவர்த் தூள் கரைந்துவிடும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். பேவர் கல்லில் இரண்டும் கலந்து இருக்கலாம்.

போர்ட்டிகோ: மழையில்லாமல் சொட்டுவது எப்படி?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி நீங்கள் போகிறபோக்கில் எழுதியது: “பங்குனி வெயிலிலும் சொட்டுகிறது.” தூத்துக்குடிப் பக்கம் பங்குனியில் மழை ஏது? அப்படியானால் மேலே தினமும் தண்ணீர் போகிறது. கடைசிப் பக்கத்தில், போர்ட்டிகோ மேல்தளத்தில் முப்பது தொட்டிச் செடிகள் வைத்திருப்பதாகவும் சாயங்காலம் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆறுதல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொட்டுக்கு மூலம் அதுதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன்.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கூடவே சுண்ணாம்பும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இறுகிய சிமென்டின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரையும். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர், தளத்தின் மெல்லிய விரிசலுக்குள் இறங்கி, இந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சொட்டாக நிற்கிறது. அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. சுண்ணாம்புக்கல் தண்ணீரில் அநேகமாகக் கரையாது என்பதால் அங்கேயே படிந்துவிடுகிறது. சொட்டுக்குச் சொட்டு படிந்து வளர்ந்ததுதான் அந்தக் குச்சி. சொட்டும் நீர் கடுமையான காரத்தன்மை உள்ளது. கார் பெயின்ட் கெட்டது அதனால்தான். பேரக்குழந்தைகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரையும் வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதற்கு வைத்தியம் கூரையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. முதலில் தொட்டிகளை இறக்கிவிட்டு மூன்று வாரம் பாருங்கள். சொட்டு நின்றுவிட்டால் காரணம் உறுதி. பிறகு தளத்தை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு, விரிசல்களையும் தளம் சுவரோடு சேரும் மூலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மூலைதான் குற்றவாளி. விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைத்து, பாலிமர் சிமென்ட் நீர்காப்புப் பூச்சை இரண்டு கோட் கொடுத்து, சுவரில் அரையடி உயரத்துக்கு அதை ஏற்றிவிட வேண்டும். அதன்மேல் நூறடிக்கு ஓரடியாவது வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கொடுத்துத் தளம் போட வேண்டும். முடித்ததும் தண்ணீர் போகும் துளையை அடைத்து, இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் அடியில் கசிவு பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கசிவு நின்ற பிறகு, தொங்கும் குச்சிகளைக் கரண்டியால் தட்டி உதிர்த்து, உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். செடிகளை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தரையிலிருந்து உயர்த்திய இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். தண்ணீர் தளத்தில் தேங்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சுவர்: ஒன்றரை அடி மண் செய்த வேலை

மூன்றில் எனக்கு வருத்தம் தருவது இதுதான். நல்லெண்ணத்தில் நீங்கள் செய்த ஒரு வேலையின் விளைவு இது.

வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்கு ஒன்று போடுவார்கள். நிலத்து ஈரம் அதற்குக் கீழேயே நின்றுவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உங்கள் வீட்டுப் பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டடி என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வெளியே ஒன்றரை அடி மண், அதன்மேல் மணல், அதன்மேல் பேவர் கல். கூட்டிப் பார்த்தால் வெளித்தரை அந்தத் தடுப்பு அடுக்கைத் தொட்டுவிட்டது, அல்லது தாண்டிவிட்டது. ஈரமான உப்பு மண் நேராகச் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் அந்த ஈரத்தை மேலே இழுக்கிறது. இப்படி ஏறும் ஈரம் சாதாரணமாக மூன்றடிக்குள் நின்றுவிடும். உங்கள் சுவரில் இரண்டரை அடி.

ஒப்பந்ததாரர் சொல்லும் உப்புக்காற்றை நான் ஏற்காததற்கும் காரணம் இதுதான். கடற்காற்று உப்பைக் கொண்டுவருவது உண்மை. ஆனால் அது ஜன்னல் கம்பியையும் வெளிச்சுவரையும் பாதிக்கும். படுக்கையறைக்குள் வந்து தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மட்டும் கோடு போட்டாற்போல் நிற்காது. செங்கல்லிலேயே உப்பு இருந்திருந்தாலும் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பூத்திருக்கும், அதுவும் முதல் வருடத்திலேயே. (இனி கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செங்கல்லை நிறுத்திவைத்து, அடியில் ஓரங்குலம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அது வற்றியதும் இன்னொரு முறை ஊற்றி வற்றவிட்டுப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ள சோதனைதான் இது. பரப்பில் பத்து சதவீதம் வரை பூத்தால் இலேசு, பாதி வரை நடுத்தரம். பாதிக்கு மேல் பூக்கும் செங்கல்லை வாங்காதீர்கள்.)

இதன்மேல் பட்டியும் ஓதம் தாங்கும் பெயின்டும் அடித்தால் என்ன ஆகும்? ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூச்சுக்கு உள்ளேயே படிகமாகும். சோடியம் சல்பேட் படிகமாகும்போது நுண்துளைகளை உள்ளிருந்து நெருக்கி உடைக்கும். வெளியே பூக்கும் உப்பு அசிங்கம், அவ்வளவுதான். உள்ளே பூக்கும் உப்புதான் பூச்சைப் பெயர்த்தெடுக்கும். அடைத்த ஈரம் இன்னும் மேலே ஏறி, இரண்டரை அடி மூன்றரை அடியாகலாம்.

செய்ய வேண்டியது, வீட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் பேவர் கல்லை எடுத்து, தடுப்பு அடுக்குக்கு அரையடி கீழே வரும்வரை மண்ணைத் தோண்டுவது. அந்தப் பள்ளத்தில் ஒன்றரை அங்குல ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் தெருப்பக்கம் ஓட வழி செய்துவிடுங்கள். முற்றம் முழுவதையும் பெயர்க்கத் தேவையில்லை. உள்ளே பூச்சை, உப்புக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேல் வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். செங்கல்லை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளை உடனே அள்ளி வெளியேற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்தான் போகும்.

அதன்பின் பொறுமை வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் முழுதாகக் காய ஆறேழு மாதம், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். கொத்தனார்கள் இதற்குக் காத்திருப்பதே இல்லை, மறுவாரமே பூசிவிடுவார்கள். நீங்கள் காத்திருங்கள். பார்க்க நன்றாயிராது, உறவினர் வந்தால் கேட்பார்கள். கேட்கட்டும். கடைசியில் சுண்ணாம்புக் கலவையிலோ, சிமென்ட் குறைத்த கலவையிலோ பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையோ மூச்சுவிடும் வகைப் பெயின்டோ அடியுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஈரம் ஏறினால், சுவரின் அடி வரிசையில் துளையிட்டு ஈரத்தை விலக்கும் சிலேன் கிரீம் செலுத்தும் முறை ஒன்று உண்டு. அதற்கு இப்போதே செலவு செய்ய வேண்டாம்.

பேவர் கல்லைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுக் கல்லில் முதல் வருடம் வெள்ளை படர்வது இயல்பு. அதில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்புதான் வெளியே வருகிறது. இரண்டொரு மழைக்காலத்தில் தானாக மங்கும். ஆனால் தினமும் காலையில் வாசல் தெளிக்க அதே உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால், தண்ணீர் ஆவியாகி உப்பு கல்லிலேயே தங்கும். கோலம் போடும் இடத்துக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தெளியுங்கள். மற்ற இடத்துக்கு உலர்ந்த தென்னந்துடைப்பம் போதும்.

ஆசிட் பற்றி

கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அதனால்தான் போர்ட்டிகோ ஒரே நாளில் பளிச்சென்று ஆனது. ஆனால் கரைந்தபின் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. சாதாரண உப்பிலும் கடல்நீரிலும் இருக்கும் இந்தக் குளோரைடுதான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு முதல் எதிரி. வெள்ளையைப் போக்குவதற்காகக் கம்பி இருக்கும் கான்கிரீட்டில் குளோரைடை ஊட்டுவது தவறான வியாபாரம். தலைக்கு மேல் ஆசிட் தேய்ப்பது அந்தத் தொழிலாளியின் கண்ணுக்கும் ஆபத்து. உங்கள் சுவர்த் தூளுக்கோ ஆசிட் தேவையே இல்லை; அது வெறும் தண்ணீரிலேயே கரையக்கூடியது.

ஒருமுறை தேய்த்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். மேலோட்டமாகப் பட்டது, கம்பி வரை போயிருக்க வாய்ப்புக் குறைவு. இனி வேண்டாம், அவ்வளவுதான். பேவர் கல்லுக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால், கல்லை முதலில் நனைத்துவிட்டு, சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிரையே எடுக்கும்.

பூக்காத உப்பு

தனியாகச் சொல்வதாகச் சொன்னது இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளையைக் காட்டிப் பயமுறுத்துகிறார். எனக்குக் கவலை தருவது வெள்ளையாகத் தெரியாத உப்பு: கான்கிரீட் கலக்கும்போதே போர் தண்ணீரோடு உள்ளே போன குளோரைடு.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். 12-க்கு மேல். அந்தச் சூழலில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. குளோரைடு ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் படலத்தை உடைத்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 19,000 இருக்கும். நாற்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த வரம்பு நெருங்கிவிடும். கான்கிரீட்டில் மொத்தமாக ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு வரைதான் அதே விதி அனுமதிக்கிறது. ஒரு கன மீட்டருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்திருந்தால், தண்ணீர் ஒன்றிலேயே அந்த 0.6 கிலோ நிரம்பிவிடும்.

உங்கள் போர் தண்ணீரில் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் பார்த்துத் தருவார்கள். அளவு 500-க்குள் இருந்தால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். மிகவும் கூடுதலாக இருந்தால் அடுத்த படியாக, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து மூன்று நான்கு தூண், பீம்களில் கம்பி இருக்கும் ஆழம் வரை சிறு துளையிட்டு, வரும் தூளை ஆய்வகத்தில் குளோரைடுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகளை அன்றைக்கே அடைத்துவிடலாம். அந்த எண் கைக்கு வரும்வரை இடிப்பது பற்றி யார் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எண் கூடுதலாக வந்தாலும் உடனே இடிக்க வேண்டும் என்று பொருள் இல்லை. துருவுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். ஈரத்தை விலக்கி வைத்தால் வேகம் வெகுவாகக் குறையும். போர்ட்டிகோ ஒழுக்கை அடைப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

இடையில் ஆறு மாதத்துக்கொரு முறை தூண், பீம், கூரை அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன் உள்ளது. உள்ளே அது வளர்ந்தால் மேல் கான்கிரீட் பிரிந்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். அப்படி ஓர் இடம் கிடைத்தாலும், பழுப்புக் கறை கண்டாலும் தாமதிக்காமல் பொறியாளரை அழையுங்கள்.

வழக்கும் உறவும்

நான் பொறியாளன், வழக்கறிஞரின் இடத்தில் நின்று பேச முடியாது. ஆனால் மகன் சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். ஐந்து வருடப் பொறுப்பு என்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் வருகிறது. அது அடுக்குமாடி போன்றவற்றைக் கட்டி விற்கும் நிறுவனத்தாருக்கு. சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டிய உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.

உங்களுக்குப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மட்டுமே தாமதத்தை மன்னிப்பார்கள். போர்ட்டிகோ வெள்ளை நீங்கள் குடியேறி இரண்டு வருடம் ஆகும்போது தெரிந்தது. அந்தக் கெடு முடியும் தறுவாயில் இருக்கலாம், முடிந்தும் இருக்கலாம். ஆகவே வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, இந்த மாதமே ஒரு வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச உதவி உண்டு.

வழக்கின் பலம் எப்படி என்று கேட்டால், என் பார்வையைச் சொல்கிறேன். சுவர் விஷயத்தில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. முற்றம் உயர்ந்தது அவர் போன பிறகு. போர்ட்டிகோவில் அவர் நீர்காப்பும் வாட்டமும் சரியாகச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றே தோன்றுகிறது. முப்பது தொட்டிகளும் தினசரித் தண்ணீரும் அதை வெளிக்காட்டிவிட்டன. தண்ணீரைப் பரிசோதிக்காமல் கான்கிரீட் போட்டிருந்தால் அது தெளிவாக அவர் குறை. ஆய்வறிக்கை கையில் இருந்தால்தான் அதைப் பேச முடியும்.

உறவை முறிக்காமலே கேட்க வழி உண்டு. ‘தம்பி’ என்று தொடங்கி, ஆனால் தேதி போட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். போர்ட்டிகோ நீர்காப்பை அவர் செலவில் செய்து, தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். சுவரையும் பேவரையும் அதில் சேர்க்காதீர்கள். நியாயமான ஒன்றைக் கேட்டால் ஒத்துக்கொள்ள அவருக்கும் எளிது. நுகர்வோர் ஆணையத்திலும் சமரசப் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் கெடு பற்றி வழக்கறிஞர் சொல்லும் தேதியைத் தாண்டி அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இனி வரிசை. இந்த வாரம் தொட்டிகளை இறக்குங்கள், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். எதையும் உடைக்கும் முன் எல்லா இடத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் போர்ட்டிகோ நீர்காப்பும், சுவரோரம் மண் தோண்டும் வேலையும் முடிந்துவிட வேண்டும். சுவர்ப் பூச்சை அப்போதே கொத்தி எடுத்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் ஐந்து மாத வெயில் கிடைக்கும். மீதி அடுத்த தையில் காய்ந்துவிடும். பெயின்டரிடம், மாசியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். அப்போது அவர் பட்டி டப்பா இல்லாமல் வரட்டும். தண்ணீர் ஆய்வு முடிவு வந்ததும் குளோரைடு, சல்பேட் இரண்டின் அளவையும் எனக்கு எழுதுங்கள். தூண்களில் துளையிட்டுப் பார்க்க வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.